நத்தார் மரமும் நமது மனச்சாட்சியும்

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். இந்த வருஷம் நத்தார் மரத்துக்கு என்ன செய்வது? பாடசாலையில் சுற்றாடலைப் பற்றிப் படித்து வந்த சின்னவன், "மரத்தை வெட்டக் கூடாது, கடையில் பிளாஸ்ரிக் மரம் வாங்குவோம்" என்பான். அவனுடைய அக்கா, "பிளாஸ்ரிக்தானே உலகத்தைக் கெடுக்கிறது, பச்சைக் கொப்பே நல்லது" என்பாள். தகப்பனார் விலையை நினைத்துப் பேசாமல் இருப்பார். தாயாரோ, பாலன் குடிலைக் கட்டினாற் போதும், மரம் எதற்கு என்று கேட்பார்.

நால்வர் சொல்வதிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் ஒரே நோக்கத்தையே மனத்திற் கொண்டு பேசுகிறார்கள். ஆனால் எதிர் எதிரான முடிவுகளுக்கு வருகிறார்கள். இறைவன் படைத்த உலகுக்குத் தீங்கு செய்யாமல் அவருடைய மகனின் பிறப்பைக் கொண்டாட வேண்டும் என்பது இருவரதும் விருப்பம். அப்படியானால் எது சரி? இதை ஒரு விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாமல், அன்பார்ந்த வாசகர்களே, சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம். ஏனெனில், ஒரு பொருளை வாங்கும்போதும் வெட்டும்போதும் எறியும்போதும் நாம் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்ற பெரிய கேள்வி இந்தச் சிறிய கேள்விக்குள் இருக்கிறது.

மரம் வந்த வழி

நத்தார் மரம் நமது விசுவாசத்தின் பகுதியன்று. அது ஒரு வழக்கம். பாலன் குடிலைப் புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்ற ஊரில் அமைத்தார். அங்கே வைக்கோலும், மாடும் கழுதையும், தீவட்டி ஏந்தி வந்த ஏழைக் குடியானவர்களும் இருந்தார்கள். சோடித்த மரம் அங்கே இருக்கவில்லை. மரம் பின்னர் வேறு நாட்டில் தோன்றி, மெல்ல மெல்லக் குடிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அதன் பழைய வரலாறு நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. இன்று பிரான்சின் கிழக்கே உள்ள அல்சாஸ் பகுதியில் செலெஸ்தா என்றொரு பட்டினம் உண்டு. அந்தப் பட்டினத்தின் 1521ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில், நத்தார் மரங்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று காணப்படுகிறது. அது என்ன குறிப்பு தெரியுமா? காட்டு மரங்களைச் சனங்கள் வெட்டிக் கொண்டுபோகாதபடி காவல் காத்தவர்களுக்குக் கொடுத்த கூலி! ஆகவே, நத்தார் மரம் என்ற வழக்கம் எவ்வளவு பழையதோ, அதனால் காட்டுக்கு வரும் கேடு பற்றிய கவலையும் அவ்வளவு பழையதே.

1605ஆம் ஆண்டளவில் அதே பகுதியிலுள்ள ஸ்திராஸ்பூர்க் நகரத்தில் வீட்டு மண்டபங்களில் மரம் வைத்துச் சோடித்தார்கள். அந்தச் சோடனையோ கடதாசி ரோசாப் பூக்கள், அப்பிள் பழங்கள், மெல்லிய அப்பங்கள், இனிப்புப் பண்டங்கள். விழா முடிந்ததும் பிள்ளைகள் தின்று தீர்க்கக்கூடியவை பெரும்பாலும். 1848ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாரும் அவர் கணவரும் பிள்ளைகளும் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அதன் பிறகு ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளெங்கும் வழக்கம் பரவிற்று. நம் நாட்டுக்கும் அந்த வழியாகவே அது வந்தது. உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் மரம் நிறுத்தும் வழக்கமோ 1982ஆம் ஆண்டில், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலத்தில்தான் தொடங்கியது.

இனி, செயற்கை மரத்தின் கதை. அது பிளாஸ்ரிக்கோடு பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் காடுகள் குறைந்து போவதைக் கண்டு கவலைப்பட்ட மக்கள், வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஊட்டி, கம்பியிற் சுற்றி, அவற்றை மரம்போல அமைத்தார்கள். அந்த இறகு மரங்களைப் பல ஆண்டுகள் பேணி வைத்துப் பாவித்தார்கள். அதாவது, செயற்கை மரம் முதலில் காட்டின் மீதிருந்த அக்கறையிலேயே பிறந்தது. இன்று அதே காரணத்துக்காகவே பலர் அதைப் பழிக்கிறார்கள். ஒரு காலத்திலும் ஓர் இடத்திலும் நல்ல விடையாக இருந்தது, வேறு காலத்திலும் வேறு இடத்திலும் தீய விடையாக மாறிவிடலாம் என்பதை இதிலிருந்து நாம் அறிகிறோம். எனவே, "இயற்கையானது எல்லாம் நல்லது" என்றோ "வெட்டாதிருப்பது எல்லாம் நல்லது" என்றோ ஒரே வாக்கியத்தில் இதைத் தீர்த்துவிட முடியாது.

கணக்குச் சொல்வது என்ன?

மேல்நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இரண்டு வகை மரங்களையும் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கிட்டது. அந்நகருக்கு அண்மையில் தோட்டத்தில் வளர்த்த மரம் ஒன்றினால் வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, ஆண்டொன்றுக்கு 3.1 கிலோ. சீனாவிற் செய்து கப்பலில் வந்த செயற்கை மரத்தை ஆறு ஆண்டுகள் பாவித்தால் ஆண்டொன்றுக்கு 8.1 கிலோ. செயற்கை மரம் இயற்கை மரத்தைவிட நல்லதாக வேண்டுமானால் அதை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பாவிக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பிரித்தானியாவின் காபன் ட்ரஸ்ட் என்ற அமைப்பும் ஒரு கணக்குத் தந்திருக்கிறது. ஆறரை அடி உயரமான பிளாஸ்ரிக் மரத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ. அதே உயரமான உண்மை மரத்தை விழா முடிந்தபின் எரித்தாலோ சிறு துண்டுகளாக்கி மண்ணுக்கு இட்டாலோ 3.5 கிலோ. ஆனால் அதே மரத்தைக் குப்பை மேட்டில் எறிந்து புதைத்துவிட்டால் 16 கிலோ! காற்றுப் படாமல் அழுகும்போது மெதேன் என்ற வாயு உண்டாகி, கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பதே இதற்குக் காரணம்.

இந்த எண்களை ஊன்றிப் பாருங்கள். ஒரே மரந்தான், ஒரே தோட்டத்தில் வளர்ந்ததுதான். அதை வீட்டிலிருந்து எங்கே அனுப்பினோம் என்பதைப் பொறுத்து, அதனால் வரும் தீங்கு நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. பிளாஸ்ரிக் மரமும் அப்படியே. மூன்று நத்தாருடன் அலுத்துப்போய் எறிந்தால் அது பெருங்கேடு. பன்னிரண்டு நத்தார், இருபது நத்தார் என்று பேணி வைத்தால் அந்தக் கேடு பல ஆண்டுகளுக்குப் பங்கிடப்பட்டுக் குறைகிறது. ஆகவே "எதை வாங்கினாய்?" என்று கேட்பதைவிட, "வாங்கியதை எத்தனை காலம் வைத்திருந்தாய்? பின் எங்கே விட்டாய்?" என்று கேட்பதே நியாயமான கேள்வி. கடையில் ஒரு கணத்தில் செய்யும் தெரிவோடு நமது பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அது ஆண்டுக் கணக்காக நீளுகிறது.

நம் நாட்டு நிலை

மேற்கூறிய கணக்குகள், நத்தார் மரத்தை நெல்லைப்போல, கரும்பைப்போல ஒரு பயிராக வளர்க்கும் நாடுகளுக்குரியவை. அங்கே கன்று நட்டு ஏழெட்டு ஆண்டுகள் வளர்த்து வெட்டுகிறார்கள்; வெட்டிய இடத்தில் மறுபடியும் நடுகிறார்கள். அப்படி வெட்டுவது பாவமாகாது. நாமும் குலை தள்ளிய வாழையை வெட்டிக் கலியாண வாசலில் கட்டுகிறோம். குருத்தோலை ஞாயிறன்று தென்னங் குருத்தை வெட்டிக் கையில் ஏந்துகிறோம். மனிதர் பயிரிட்டதை மனிதர் அறுப்பதில் தவறில்லை.

ஆனால் நம் நிலை வேறு. மலைநாட்டுக் குளிரில் வளரும் சைப்பிரஸ் மரங்கள் டிசம்பரில் கொழும்புத் தெருக்களில் விலைக்கு வருவதுண்டு. நடுவதற்கென்று வளர்த்து, முறையாக வெட்டி விற்பவரிடம் வாங்குவது ஒன்று; எங்கோ ஒரு காப்புக்காட்டில் இரவோடிரவாக வெட்டியதை மலிவு விலைக்கு வாங்குவது வேறொன்று. வடக்கிலும் கிழக்கிலும் கரையோர ஊர்களில் நத்தார் மரம் என்றால் பெரும்பாலும் சவுக்கு. சவுக்கின் நுனியைத் தறித்து, வாளியில் மணல் நிரப்பி, நிமிர்த்தி வைத்துச் சோடித்தால் பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்தச் சவுக்கு அங்கே ஏன் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்கரை மணல் காற்றில் அள்ளுண்டு போகாமல் பிடித்து வைக்கவும், சோளகத்தையும் வாடையையும் தடுத்து வீடுகளைக் காக்கவுமே அதை நட்டார்கள். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் பல கரைகளில் சவுக்கு நட்டது இந்த நோக்கத்தோடுதான். நுனி தறித்த மரம் முன்போல் நேராக உயராது. ஊருக்குப் பொதுவான காவலாளியின் தலையை வெட்டி நம் வீட்டு மண்டபத்தில் வைத்து, அதன் கீழே சமாதானப் பிரபுவின் சுரூபத்தை வைப்பது பொருந்துமா?

பொதுச் சொத்து ஒருவருக்கும் உரியதல்ல, ஆகவே யாரும் வெட்டலாம் என்று நினைப்பது நம்மிடையே உள்ள ஒரு பெரிய மயக்கம். பொதுவானது எல்லாருக்கும் உரியது. ஆகவே அதை ஒருவர் தமக்கென எடுக்கும்போது எல்லாரிடமிருந்தும் எடுக்கிறார். யுத்த காலத்தில் எத்தனை இலட்சம் பனைகளை நாம் இழந்தோம் என்பதை வடபகுதி வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வெட்டுண்ட ஒரு பனை மீண்டும் பயன் தருவதற்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

இத்தகைய கேள்வி உரோமையிலும் எழுந்தது. 2024ஆம் ஆண்டில் புனித பேதுரு சதுக்கத்துக்கென வட இத்தாலியின் லெட்ரோ பள்ளத்தாக்கில் 29 மீற்றர் உயரமான முதுமரமொன்று தெரிவு செய்யப்பட்டபோது, அதை வெட்டலாகாது என்று பல்லாயிரம் பேர் மனுவில் ஒப்பமிட்டார்கள். முறையாகப் பராமரிக்கும் காட்டில் இப்படி மரங்களை வெட்டுவது வழக்கமே என்று மறுதரப்பினர் விடை கூறினர். மரம் வெட்டப்பட்டுச் சதுக்கத்துக்கு வந்தது. இரு தரப்பிலும் நல்லெண்ணம் உள்ளவர்கள் இருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வாதாடுவதில் வியப்பென்ன?

கண்ணுக்குத் தெரியாத காயம்

வெட்டிய மரத்துக்கு அடிக்கட்டை உண்டு. அதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பிளாஸ்ரிக் மரத்துக்கு அடிக்கட்டை இல்லை; அது அட்டைப் பெட்டியில் சுத்தமாக வருகிறது. ஆகவே அதனால் ஒரு காயமும் உண்டாகவில்லை என்று நினைத்துவிடுகிறோம். இங்கேதான் நம் மனச்சாட்சி தடுமாறுகிறது. காணும் காயத்துக்கு வருந்துவதும் காணாத காயத்தை மறப்பதும் மனித இயல்பு.

பிளாஸ்ரிக்கின் காயம் எங்கே இருக்கிறது? 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் சிறுமணிகள் இருந்தன. மரமும் வாளியும் பொம்மையும் இத்தகைய மணிகளை உருக்கியே செய்யப்படுகின்றன. நீர்கொழும்பு முதலான கரைகளில் அவை வெண்பனிபோலக் குவிந்தன. மீன்பிடி தடை செய்யப்பட்டது. அங்கே கடலை நம்பி வாழ்வோரிற் பெருந்தொகையினர் நம் சகோதரக் கத்தோலிக்கக் குடும்பத்தினர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளக் கரைக்கப்பால் மற்றொரு கப்பல் மூழ்கியது. அடுத்த மாதமே அதன் மணிகள் மன்னார் உட்பட நம் வடபகுதிக் கரைகளிலும் ஒதுங்கின. அந்த மணிகளைச் செய்யும்படி கேட்டவர் அந்தக் கடற்றொழிலாளர் அல்லர். உலகெங்கும் உள்ள கடைகளில் மலிவுப் பொருளைத் தேடிய நாம் எல்லோரும் சிறிது சிறிதாகக் கேட்டோம். நட்டம் மட்டும் அவர்களுடைய வலையில் விழுந்தது.

எறிந்த பிறகும் கதை முடிவதில்லை. "தூர எறி" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். தூரம் என்பது எந்த இடம்? அந்த இடத்தில் யாரோ குடியிருக்கிறார்கள். கொழும்பு மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து விழுந்து, முப்பது பேரளவில் மாண்டார்கள். அன்று புத்தாண்டு, அதுவே அந்த ஆண்டின் பெரிய வெள்ளியும் ஆகும். மாண்டவர்கள் அந்தக் குப்பையைச் செய்தவர்கள் அல்லர். அதன் அருகில் வாழ வேண்டியிருந்த ஏழைகள். எரித்துவிட்டாலென்ன என்று சிலர் கேட்கலாம். பீ.வீ.சி. என்னும் பிளாஸ்ரிக்கினாற் செய்த மரத்தை வளவில் போட்டு எரித்தால், சுவாசப்பையை அரிக்கும் அமில வாயுவும் டயொக்சின் என்ற கொடிய நஞ்சும் கிளம்பும். அதை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுக் குழந்தையும் அயல் வீட்டு முதியவருமே.

நல்ல சமாரியன் வழியில் கிடந்த மனிதனைக் கண்டான், கண்டு இரங்கினான். நம் காலத்தில் அயலான் கண்ணுக்கு முன்னே கிடப்பதில்லை. அவன் வேறொரு கரையில் இருக்கிறான். சில வேளை இன்னும் பிறக்கவே இல்லை. காணாத அயலானுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்பதே இன்றைய மனச்சாட்சிக்குரிய புதிய பாடம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், பொருளைப் பாவித்து எறியும் பண்பாடும் ஏழைகளை ஒதுக்கும் மனப்பான்மையும் ஒரே வேரிலிருந்து முளைப்பதைச் சுட்டிக்காட்டினார்.

குருத்தோலை தரும் பாடம்

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் ஒரு பாடம் நம் திருச்சபை வழக்கத்திலேயே இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று ஆசீர்வதித்த ஓலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். சிலுவையாக மடித்துச் சுரூபத்துக்கு மேலே செருகி வைக்கிறோம். அது ஓராண்டு முழுவதும் நம்மோடு இருந்து காய்கிறது. அடுத்த தவக்காலம் நெருங்கும்போது அந்தப் பழைய ஓலைகளைச் சேர்த்து எரித்து, விபூதிப் புதனுக்குரிய சாம்பலாக்குகிறார்கள். அந்தச் சாம்பல் நம் நெற்றிக்கு வருகிறது.

இதில் ஒன்றும் வீணாகவில்லை. ஒன்றும் தூர எறியப்படவும் இல்லை. வெட்டியது உண்மைதான். ஆனால் வெட்டியதை மதித்தார்கள், வைத்திருந்தார்கள், அதன் முடிவையும் ஒரு வழிபாடாக்கினார்கள். பொருளைக் கையாளுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? ஆதியில் இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். பண்படுத்துபவன் வெட்டவும் செய்வான். ஆனால் காப்பவனாக இருந்துகொண்டே வெட்டுவான்.

இந்த அளவுகோலை இரண்டு மரங்களுக்கும் வைத்துப் பாருங்கள். பச்சை மரத்துக்கு முடிவு உண்டு. அது எருவாகலாம், விறகாகலாம், ஆட்டுக்கு உணவாகலாம். நாம் அதற்கு அந்த முடிவைக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. பிளாஸ்ரிக் மரத்துக்கு நல்ல முடிவு இல்லை. ஆகவே அதை வாங்கியவருக்கு ஒரு கடமை உண்டாகிறது. முடிவில்லாத பொருளை முடிந்தவரை முடிவின்றி வைத்திருக்க வேண்டும்.

இது இத்தனை பெரிய விஷயமா?

"நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, ஒரு மரத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பிளாஸ்ரிக் மரத்தின் 40 கிலோ என்பது, ஏறத்தாழ 17 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்குச் சமம். நத்தாருக்கு வான் பிடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனால் ஒரு வழிக்கே அதிலும் இரு மடங்குக்கு மேல் புகையாகிறது. விருந்தில் மிஞ்சிக் கொட்டும் சோறும் இறைச்சியும் வேறு கணக்கு. மரத்தை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்கியவர்களாக ஆகிவிடுவோம்.

ஒழுக்கவியல் கற்பித்த பெரியோர் இரண்டு வகையான நோயுற்ற மனச்சாட்சிகளைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்று, எதிலும் பாவம் கண்டு நடுங்கும் மனச்சாட்சி. மற்றொன்று, எதிலும் பாவம் காணாத தளர்ந்த மனச்சாட்சி. சுற்றாடல் விஷயத்திலும் இரண்டும் உண்டு. முதல் வகையினர் அயல் வீட்டில் பிளாஸ்ரிக் மரத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் வகையினர், "நான் ஒருவன் திருந்தி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பார்கள். முதலாமவருக்கு அன்பு குறைகிறது; இரண்டாமவருக்குப் பொறுப்புக் குறைகிறது.

ஒரு விதவைத் தாய் பதினைந்து வருஷங்களாக ஒரே பிளாஸ்ரிக் மரத்தைத் தூசு தட்டி, உடைந்த காலுக்குக் கம்பி கட்டி நிறுத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷந்தோறும் புதிய பச்சை மரத்தை விலைக்கு வாங்கி, ஜனவரியில் தெருவோரத்தில் எறிந்துவிட்டுப் போகிறவரைவிட அவளே நல்ல காவலாளி. அந்தப் பழைய மரத்தைக் கண்டு யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். அதற்கு மரியாதை செய்ய வேண்டும்.

சிறிய விஷயம் என்பதற்காக விட்டுவிடவும் முடியாது. ஏனெனில், மரம் என்பது வீட்டில் எல்லாரும் கூடி நின்று செய்யும் காரியம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பொருளை எப்படி வாங்குவது, எப்படிப் பேணுவது, எப்படி விடை கொடுப்பது என்பதை அவர்கள் அந்த மரத்தடியில் கற்கிறார்கள். அங்கே கற்றதை நாளை வீடு கட்டும்போதும், கிணறு தோண்டும்போதும், தொழில் நடத்தும்போதும் செய்வார்கள்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்ரிக் மரம் இருக்கிறதா? அதை எறிந்துவிட்டுப் பச்சை மரத்துக்கு மாற வேண்டாம். அப்படி மாறுவது மனத்துக்கு இதமாக இருக்கலாம். உலகத்துக்கு இரட்டை நட்டம். இருப்பதைத் திருத்திப் பாவியுங்கள். மூவிராசாக்கள் திருநாளுக்குப் பின் துடைத்து, எலி கடிக்காமல் கட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவையில்லையெனில், மரமில்லாத ஒரு வீட்டுக்கோ, பாலர் பாடசாலைக்கோ கொடுங்கள். மிகப் பழைய பீ.வீ.சி. மரங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு. பொடியாக உதிரத் தொடங்கிவிட்டால் குழந்தைகளுக்கு எட்டாமல் அகற்றிவிடுவது நல்லது.

வீட்டில் மரம் இல்லையா? புதிய பிளாஸ்ரிக் மரத்துக்கு அவசரப்பட வேண்டாம். நட்டு வளர்த்து விற்பவரிடம் வாங்குங்கள். அல்லது சொந்த வளவில் எப்படியும் கத்தரிக்க வேண்டிய கொப்பை எடுங்கள். காய்ந்த கொப்பொன்றுக்குப் பஞ்சு சுற்றி நிறுத்தினாலும் அழகாகவே இருக்கும். விழா முடிந்ததும் அதைத் தெருவில் எறியாமல் துண்டாக்கி, தென்னையின் அடியிலோ எருக்குழியிலோ இடுங்கள். கரையோரச் சவுக்கையும் காப்புக்காட்டு மரத்தையும் தொடாதீர்கள்.

மற்றொரு வழியும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் நத்தார் வருவது மாரி மழையின் பின்பகுதியில். மண் ஈரமாக இருக்கும் காலம் அது. வேம்போ, புன்னையோ, மகிழோ ஒரு கன்றைச் சாடியில் வைத்து, அதற்கே நட்சத்திரம் கட்டிச் சோடியுங்கள். விழா முடிந்ததும் தாமதியாமல் வளவிலோ கோயில் காணியிலோ நடுங்கள். அடுத்த மாரி வரைக்கும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். மேல்நாட்டு மரம் போன்ற கூம்பு வடிவம் அதற்கு இராது. ஆனால் பெத்லகேமிலும் பனி மூடிய ஊசியிலைக் காடு இருக்கவில்லையே!

சோடனையையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்கி எறியும் மினுங்கல் இழைகளும் பிளாஸ்ரிக்தான். ஸ்திராஸ்பூர்க்கின் பழைய மரத்தைப்போல, கடதாசிப் பூவும் பலகாரமும், நம் ஊர் பனையோலைக் குருவியும் நட்சத்திரமும் போதாதா? அவற்றைச் செய்வதற்குப் பிள்ளைகள் இரண்டு மாலை நேரம் கூடியிருப்பார்கள். கடையில் வாங்கும் சோடனை அந்த இரண்டு மாலைகளைத் தராது.

பங்குகளுக்கும் ஒரு வார்த்தை. கோயிலில் மிக உயரமான மரம் யாருடையது என்ற போட்டி வேண்டாம். நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த நத்தாருக்கும் உயிரோடு நிற்கின்றன என்று பார்ப்பதே நல்ல போட்டி.

ஆக, தொடக்கத்திற் கண்ட அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்வோம்? தாயார் சொன்னது உண்மை: குடில் இருந்தாற் போதும், மரம் கட்டாயமில்லை. தகப்பனார் விலையைப் பார்த்ததும் சரியே. ஆனால் கடைக்காரர் சொல்லும் விலையோடு, சொல்லாத விலையையும் அவர் சேர்த்துப் பார்க்கட்டும். பிள்ளைகள் இருவருக்கும், எந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவருமுன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். இது எங்கிருந்து வந்தது? எத்தனை வருஷம் நம்மோடு இருக்கும்? பின் எங்கே போய், யாருடைய வாசலில் முடியும்?

இந்த மூன்றுக்கும் வெட்கமின்றி விடை சொல்லக்கூடிய எந்த மரமும் நல்ல நத்தார் மரமே. விடை சொல்ல முடியாவிட்டால், இந்த வருஷம் குடிலை மட்டும் கட்டுவோம். தங்க இடம் கிடைக்காமல், பிறருடைய தொழுவத்தில், ஏற்கெனவே அங்கிருந்த முன்னிட்டியில் பிள்ளையைக் கிடத்திய தாய்க்கு அது குறையாகத் தோன்றாது.